விடுதலை என்ற சொல்லுக்குள்: ஆந்த்ஷேய் வலீட்ஸ்கியின் ஆய்வு வாழ்க்கை

1949-ஆம் ஆண்டு போலந்தில் மிஹாவ் வலீட்ஸ்கி என்ற கலை வரலாற்றாசிரியர் கைது செய்யப்பட்டார். போர்க்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தலைமறைவாகப் போராடிய ‘உள்நாட்டுப் படை’யோடு அவருக்கு இருந்த தொடர்பு, போருக்குப் பின் அமைந்த புதிய ஆட்சியின் கண்ணில் குற்றமாகத் தெரிந்தது. அவர் சிறையிலிருந்து வெளியே வரச் சில ஆண்டுகள் ஆயின. அந்தக் காலத்தில்தான் அவருடைய மகன் ஆந்த்ஷேய் வூச் நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ரஷ்ய மொழியும் இலக்கியமும் படிக்கத் தொடங்கினார். தந்தையைச் சிறையில் அடைத்த ஆட்சி மாஸ்கோவின் சொல்லைக் கேட்டு நடந்த ஆட்சி. அப்படியிருக்க, மாஸ்கோவின் மொழியையும் அதில் எழுந்த சிந்தனையையும் ஒரு போலந்து இளைஞர் தம் வாழ்நாள் படிப்பாக ஏன் எடுத்துக்கொண்டார் என்ற கேள்வியோடுதான் நான் கருத்து வரலாற்றாசிரியரான ஆந்த்ஷேய் வலீட்ஸ்கியைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன்.

எனக்கு அவர் அறிமுகமானது ரஷ்ய இலக்கியத்தின் வழியாகத்தான். துர்கனேவையும் தஸ்தயேவ்ஸ்கியையும் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு, கதைமாந்தர்கள் இரவெல்லாம் விழித்திருந்து வாதிடும் அந்த நீண்ட உரையாடல்கள் நினைவிருக்கும். மேற்கு ஐரோப்பாவின் பாதையில் போவதா, தன் கிராம சமூகத்தை நம்பி நிற்பதா, தனிமனிதன் பெரியவனா, வரலாறு பெரியதா என்றெல்லாம் அவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்த வாதங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப்போன போது, 1979-இல் ஆங்கிலத்தில் வெளியான வலீட்ஸ்கியின் ‘ரஷ்யச் சிந்தனையின் வரலாறு’ கைக்குக் கிடைத்தது. அறிவொளிக் காலம் தொடங்கி மார்க்சியம் வரையிலான ஒன்றரை நூற்றாண்டை அந்த நூல் ஓர் ஒழுங்கில் சொல்கிறது. நூலாசிரியர் போலந்துக்காரர் என்பதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. பிறகு அவர் போலந்தின் அரசியல் சிந்தனையைப் பற்றி எழுதியவற்றைப் படித்த போதுதான் அந்தச் செய்தி எவ்வளவு முக்கியமானது என்று புரிந்தது. போலிஷ் மொழி எனக்குத் தெரியாது. நான் படித்தவை எல்லாம் ஆங்கிலத்தில் வந்தவை. இந்தக் கட்டுரையை அந்த எல்லைக்குள் வைத்தே வாசிக்க வேண்டும்.

ஆந்த்ஷேய் வலீட்ஸ்கி 1930 மே 15 அன்று வார்சாவில் பிறந்தார். வூச் நகரில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் செர்கேய் ஹெஸ்ஸன். ஹெஸ்ஸன் ரஷ்யர், ஜெர்மனியில் ரிக்கெர்ட் என்ற தத்துவஞானியிடம் பயின்று, கான்ட்டின் தத்துவத்தைப் புதுப்பிக்க முயன்ற ‘புதிய கான்ட்டியர்’களுள் ஒருவர், புரட்சிக்குப் பின் தாயகத்தை விட்டு வெளியேறி, பிராகில் வாழ்ந்து, பின் போலந்தில் நிலைகொண்டவர். சட்டத்தின் ஆட்சியையும் சோசலிசத்தின் நீதி உணர்வையும் ஒன்றாகப் பிணைக்க முடியும் என்று நம்பியவர். 1950-இல் அவர் இறந்துவிட்டார். மாணவர் அவரோடு இருந்த காலம் மிகக் குறுகியது. ஆனாலும் தாம் ரஷ்யச் சிந்தனைக்குள் வந்தது ஹெஸ்ஸன் திறந்துவிட்ட வாசல் வழியாகத்தான் என்பதை வலீட்ஸ்கி கடைசி வரை சொல்லிவந்தார். நான் மேலே எழுப்பிய கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. ஆட்சியாளர்கள் காட்டிய ரஷ்யாவுக்கு வெளியே இன்னொரு ரஷ்யா இருக்கிறது என்பதை அந்த மாணவர் ஒரு மனிதரின் உருவில் நேரில் பார்த்தார். தந்தை சிறையில் இருந்த அந்த நாட்களில், ஒரு முழு நாட்டையும் மக்களையும் வெறுத்துவிடுவது அவருக்கு எளிதாகவே இருந்திருக்கும். அவருடைய ஆசிரியரே அந்த எளிய வழியை அடைத்துவிட்டார் என்று நான் நினைக்கிறேன்.

வார்சா பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்து, 1957-இல் முனைவர் பட்டம் பெற்று, போலந்து அறிவியல் கழகத்தின் தத்துவ, சமூகவியல் நிறுவனத்தில் அவர் ஆய்வாளரானார். ஸ்டாலினுக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் வார்சாவில் சில இளம் அறிஞர்கள் கருத்து வரலாற்றைப் புதிய முறையில் எழுதத் தொடங்கியிருந்தனர். லெஷெக் கொவகோவ்ஸ்கி, ப்ரோனிஸ்வாவ் பாச்கோ, யெர்ஷி ஷாட்ஸ்கி, வலீட்ஸ்கி ஆகியோரின் பெயர்கள் இதில் சேர்ந்தே வரும். பின்னாளில் இவர்களை ‘வார்சா கருத்து வரலாற்றுப் பள்ளி’ என்று அழைத்தனர். ஒரு சிந்தனையை அது எந்த வர்க்கத்தின் நலனுக்கு உதவியது என்ற ஒரே கேள்வியால் அளந்து முடித்துவிடும் வழக்கம் அன்று மேலோங்கியிருந்தது. இவர்கள் அதை விட்டு விலகினார்கள். ஒரு சிந்தனையாளரின் எழுத்துகளுக்குப் பின்னால் ஓர் உலகப் பார்வை முழு அமைப்பாக நிற்கிறது. அதன் உறுப்புகள் ஒன்றையொன்று தாங்குகின்றன. அது தன் காலத்தின் எந்தக் கேள்விக்குப் பதிலாக எழுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வரலாற்றாசிரியரின் வேலை என்று அவர்கள் கருதினார்கள்.

கொவகோவ்ஸ்கியும் பாச்கோவும் இளமையில் உறுதியான மார்க்சியர்களாக இருந்து, பின் அதைத் திருத்த முயன்று, இறுதியில் விலகியவர்கள். வலீட்ஸ்கி வந்த வழி வேறு. நம்பி ஏமாந்தவரின் கோபம் அவரிடம் இல்லை. மாறாக, சுற்றியிருந்தவர்கள் எப்படி நம்பினார்கள், நம்பாதவரையும் நம்பச் சொல்லி எப்படி நெருக்கினார்கள் என்பதை இளம் வயதில் அருகிலிருந்து பார்த்தவரின் கூர்மை இருந்தது. பின்னாளில் போலந்துக் கவிஞர் செஸ்வாவ் மிவோஷின் ‘சிறைப்பட்ட மனம்’ என்ற நூலை முன்வைத்து நடந்த வாதத்தில் இது தெளிவாக வெளிப்பட்டது. ஸ்டாலினிய ஆண்டுகளில் எழுத்தாளர்கள் பணிந்தது பயத்தாலும் பிழைப்புக்காகவும்தான், அதில் தத்துவம் எதுவும் இல்லை என்று எழுத்தாளர் குஸ்தாவ் ஹெர்லிங்-க்ருஜின்ஸ்கி வாதிட்டார். மிவோஷின் பக்கம் நின்றார் வலீட்ஸ்கி. பயம் உண்மைதான். ஆனால் வரலாறு ஒரே திசையில் போகிறது, அதை எதிர்ப்பவன் தோற்றவன் மட்டுமல்ல, தவறானவனும்கூட என்ற கருத்து மனத்துக்குள் புகுந்துகொண்டு செய்த வேலை தனியானது என்பது அவர் நிலை. கருத்துகளுக்கு மனிதரை அடிமைப்படுத்தும் வலிமை உண்டு என்று நம்பியவர்தான் கருத்துகளின் வரலாற்றை இவ்வளவு பொறுப்போடு எழுத முடியும்.

1964-இல் அவருடைய முதல் பெரும்படைப்பு வந்தது. மேற்கின் பாதையை மறுத்து ரஷ்யாவின் பழைய மரபை நம்பிய ஸ்லாவியப் பற்றாளர்களைப் பற்றிய அந்த நூலின் போலிஷ் தலைப்பைத் தமிழில் ‘பழமைவாதக் கனவுலகின் வட்டத்துக்குள்’ என்று சொல்லலாம். கிரெயேவ்ஸ்கி, ஹொம்யாக்கோவ் ஆகியோரின் எழுத்துகளை அவர் ஜெர்மானியப் பழமைவாதத்தோடும், சமூகவியலாளர் டோனிஸ் வகுத்த ‘இயல்பான சமுதாயம், ஒப்பந்தச் சமுதாயம்’ என்ற பாகுபாட்டோடும் வைத்துப் பார்த்தார். அந்த நூலை முடித்த பிறகும் நான் ஸ்லாவியப் பற்றாளனாக மாறிவிடவில்லை. ஆனால் அவர்கள் எதை இழந்துவிடுவோம் என்று அஞ்சினார்கள் என்பது எனக்கு விளங்கியது. இதைத் தொடர்ந்து 1969-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்த சிறிய நூல், கிராம சமூகத்தின் வழியாகவே சோசலிசத்தை அடையலாம் என்று நம்பிய ரஷ்யர்களான நரோத்னிக்குகளைப் பற்றியது. தமிழில் இடதுசாரி நூல்களைப் படித்தவர்களுக்கு நரோத்னிக் என்ற சொல் லெனினின் கண்டனத்தோடு சேர்ந்தே மனத்தில் பதிந்திருக்கும். முதலாளியம் மேற்கில் உண்டாக்கிய துயரத்தை மார்க்ஸிடமிருந்தே தெரிந்துகொண்டு, அந்தத் துயரம் தங்கள் நாட்டுக்கு வராமல் தடுக்க வழி தேடியவர்கள் அவர்கள் என்று வலீட்ஸ்கி காட்டினார். பின்தங்கி வருபவருக்கு முன்னே சென்றவரின் பிழைகளைத் தவிர்க்கும் வாய்ப்பு உண்டா என்பதே அவர்களின் கேள்வி. 1881-இல் ரஷ்யப் புரட்சியாளர் வேரா சசூலிச் அதையே மார்க்ஸுக்குக் கடிதமாக எழுதிக் கேட்டார். மார்க்ஸ் பல வரைவுகள் எழுதிப் பார்த்து, கடைசியில் மிகச் சுருக்கமாகப் பதில் அனுப்பினார்.

அந்த நூல் அவர் ஆக்ஸ்ஃபோர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரியில் வருகைதரு ஆய்வாளராகத் தங்கியிருந்த காலத்தின் விளைவு. பிரித்தானியத் தத்துவஞானி ஐசயா பெர்லினோடு அவருக்கு 1960-களில் ஏற்பட்ட நட்பு பெர்லின் 1997-இல் இறக்கும் வரை தொடர்ந்தது. இருவரும் எழுதிக்கொண்டவை பிற்காலத்தில் நூலாக வந்துள்ளன. பெர்லின், ஒருவரைத் தடுக்காமல் விட்டுவிடும் எதிர்மறைச் சுதந்திரத்தையும், தன்னைத் தானே ஆளும் நேர்மறைச் சுதந்திரத்தையும் பிரித்துக் காட்டியவர். அந்தப் பாகுபாடு வலீட்ஸ்கியின் கையில் ஒரு கருவியாயிற்று. அதை அவர் தம் சொந்த நாட்டின் வரலாற்றை வாசிக்கப் பயன்படுத்தினார்.

1968 மார்ச்சில் போலந்தில் மாணவர் கிளர்ச்சியும், அதையொட்டி யூதர்களுக்கும் அறிவாளர்களுக்கும் எதிரான அரசின் பழிவாங்கலும் நடந்தன. கொவகோவ்ஸ்கி பல்கலைக்கழகப் பதவியை இழந்து நாட்டை விட்டு வெளியேறினார். பாச்கோவும் போனார், பின்னாளில் ஜெனீவாவில் பேராசிரியரானார். ஷாட்ஸ்கியும் வலீட்ஸ்கியும் போலந்தில் இருந்தார்கள். இந்த ஆண்டுகளில் வலீட்ஸ்கியின் கவனம் ரஷ்யாவிலிருந்து போலந்துக்குத் திரும்பியது. 1970-இல் தத்துவமும் மெசியாவாதமும் பற்றிய நூல், 1977-இல் போலந்துத் தத்துவஞானி ஸ்தானிஸ்வாவ் ப்ஷொசோவ்ஸ்கியைப் பற்றிய நூல், 1982-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ‘தத்துவமும் கற்பனைநவிற்சித் தேசியமும்’ என்று அடுத்தடுத்து வந்தன.

போலந்தைப் பற்றி அவர் எழுதியவற்றுள் நான் மிகுதியும் திரும்பத் திரும்பப் படித்தது 1989-இல் வெளியான நூலை. பிரபுக் குடியரசு முதல் ததேயுஷ் கோஷ்சூஷ்கோ வரையிலான போலந்தின் அரசியல் சிந்தனையைப் பற்றியது அது. அதன் வாதத்தைப் புரிந்துகொள்ளப் பழைய போலந்து எப்படி இயங்கியது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1569-இல் போலந்தும் லித்துவேனியாவும் லூப்லினில் ஒன்றிணைந்து ஒரு குடியரசாயின. அதற்கு அரசர் உண்டு. ஆனால் 1573 முதல் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஷ்லாக்தா எனப்பட்ட பிரபுக்கள். தேர்ந்தெடுக்கப்படுபவர் முதலில் நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றை மீறினால் அவருக்குக் கீழ்ப்படிய மறுக்கும் உரிமை பிரபுக்களுக்கு இருந்தது. அனைவரின் ஒப்புதலும் இல்லாமல் புதிதாக எதையும் சட்டமாக்கக் கூடாது என்ற விதி அதற்கும் முன்பே, 1505-இல், இயற்றப்பட்டிருந்தது. மக்கள்தொகையில் 8 முதல் 10 சதவீதம் வரை பிரபுக்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அக்கால ஐரோப்பாவில் இவ்வளவு பேர் அரசியல் உரிமையோடு இருந்த நாடுகள் அரிது. அவர்களுள் உழுவதற்குச் சொந்த நிலம் இல்லாத ஏழைகளும் உண்டு. பெரும் நிலக்கிழாரும் அந்த ஏழையும் சட்டத்தின் முன் உடன்பிறப்புகளாகக் கருதப்பட்டனர். விவசாயிகளோ பண்ணையடிமைகளாக இந்தக் கணக்குக்கு வெளியே கிடந்தனர்.

செய்ம் எனப்பட்ட நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து ‘நான் ஒப்பவில்லை’ என்று சொன்னால் போதும், அந்தக் கூட்டத்தின் முடிவுகள் அனைத்தும் வீணாகும் நிலை வந்தது. 1652-இல் சிட்சின்ஸ்கி என்ற உறுப்பினர் அப்படிச் செய்ததை எல்லா வரலாற்று நூல்களும் குறிப்பிடுகின்றன. இந்தத் தனிமனிதத் தடையாணை போலந்து மக்களின் கட்டுக்கடங்காத தனிமனித உணர்வின் அடையாளம் என்றுதான் வெகுகாலம் சொல்லப்பட்டுவந்தது. வலீட்ஸ்கி இதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார். அதன் வேர் தனிமனித உணர்வில் இல்லை, கூட்டு உணர்வில் இருக்கிறது என்றார். சமூகத்தின் விருப்பம் ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும், பெரும்பான்மை சிறுபான்மையை வெல்வது என்பது சமூகம் உடைந்துபோனதற்கு அறிகுறி என்று எண்ணிய ஒரு பழைய உலகில்தான் ஒருமனதான ஒப்புதல் என்ற விதி பிறக்கும். ரஷ்யக் கிராம சமூகத்தின் கூட்டத்திலும் முடிவுகள் ஒருமனதாகவே எடுக்கப்பட்டன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கண், ரஷ்யாவைப் படித்துவிட்டுப் போலந்துக்குத் திரும்பியவருக்கே வாய்க்கும்.

இதிலிருந்து அவர் எடுக்கும் அடுத்த அடிதான் நூலின் மையம். பழைய போலந்தின் பிரபு மிகுந்த சுதந்திரம் உடையவர். ஆனால் அது ஆட்சியில் பங்குபெறும் சுதந்திரம், இறையாண்மையைச் சேர்ந்து தாங்கும் சுதந்திரம். ஆட்சியின் கைக்கு எட்டாத ஒரு தனி வாழ்வுக்கு உத்தரவாதம் கேட்கும் சுதந்திரம் வேறு. முன்னது கிரேக்க நகர அரசுகளின் குடிமக்களுக்கு நெருக்கமானது. பின்னது நவீனத் தாராளவாதத்தினுடையது. போலந்து முன்னதில் மிகச் செழித்திருந்தது, பின்னதை வளர்த்தெடுக்கவில்லை என்பதே அவர் வந்தடைந்த முடிவு. ஆகவே, போலந்து என்றும் விடுதலையை நேசித்த நாடு என்ற வாக்கியம் உண்மையாக இருக்கும்போதே போதாததாகவும் ஆகிவிடுகிறது. எந்த விடுதலை என்று கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு நம் சொல்லே நினைவுக்கு வருகிறது. தமிழில் நாடு பெறுவதும் விடுதலை, கைதி பெறுவதும் விடுதலை. போலிஷ் மொழியில் வோல்நோஷ்ச் என்பது சுதந்திரம். நாடு பிறருக்குக் கீழ்ப்படாமல் இருக்கும் நிலைக்கு நியெபோத்லெக்வோஷ்ச் என்ற வேறு சொல் இருக்கிறது. இரண்டு சொற்கள் இருந்தும் அவர்களின் வரலாற்றில் இவை ஒன்றன் மேல் ஒன்று படிந்துகொண்டே இருந்தன. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாழும் நாம் இந்தக் கேள்வியில் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

1772-இல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தின் நிலத்தை முதன்முறை பங்கிட்டுக்கொண்டன. அந்த நாட்களில் போலந்துப் பிரபு ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் ரூசோ, போலந்தின் ஆட்சிமுறை பற்றி ஒரு நீண்ட அறிவுரை எழுதினார். அண்டை நாடுகள் உங்களை விழுங்குவதைத் தடுக்க முடியாவிட்டாலும், அவை உங்களைச் செரிக்க முடியாதபடி செய்யுங்கள் என்பது அதன் சாரம். தனிமனிதத் தடையாணையை அடிப்படைச் சட்டங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார் ரூசோ. உலகம் கேலி செய்த ஒரு நாட்டில் பழைய குடியரசுகளின் உயிர் இன்னும் இருப்பதாக அவர் கண்டதை வலீட்ஸ்கி மிகுந்த அக்கறையோடு விளக்குகிறார். போலந்துச் சீர்திருத்தக்காரர்கள் ரூசோவின் எல்லா அறிவுரைகளையும் ஏற்கவில்லை. 1791 மே 3 அன்று இயற்றிய அரசியல் சட்டத்தில் தடையாணையை ஒழித்து, அரச பதவியைப் பரம்பரையாக்கினார்கள். அதற்குச் சில நாட்கள் முன்பு நகரத்தாருக்கு உரிமைகள் தரும் சட்டம் ஒன்றும் நிறைவேறியது. நிலமற்ற ஏழைப் பிரபுக்களோ உள்ளூர் மன்றங்களில் வாக்குரிமையை இழந்தார்கள். பணக்காரர்களின் கையாட்களாக அவர்கள் இருந்ததே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இதற்கு எதிராக 1792-இல் தர்கோவித்சா என்ற ஊரின் பெயரால் ஒரு கூட்டணி எழுந்தது. அதன் தலைவர்கள் பழைய பொற்கால உரிமைகளைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, ரஷ்யப் பேரரசி காதரீனின் படைகளை நாட்டுக்குள் வரவேற்றார்கள். போலந்து மொழியில் தர்கோவித்சா என்ற பெயர் இன்றும் துரோகத்துக்கு மறுபெயர். ஆனால் வலீட்ஸ்கி கோபத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தத் தலைவர்களுள் சிலரேனும் தாங்கள் விடுதலையைக் காப்பதாக மனமார நம்பியிருக்கக்கூடும் என்பதற்கு அந்த நூலில் இடம் இருக்கிறது. பிரபுக்களின் விடுதலையும் நாட்டின் விடுதலையும் ஒன்றே என்றிருந்த காலம் போய், ஒன்றைக் காக்க மற்றதைக் கைவிட நேர்ந்த கணம் அது. அந்தக் கணத்தில்தான் நவீனப் பொருளில் ‘தேசம்’ பிறக்கிறது. 1794-இல் கோஷ்சூஷ்கோ எழுச்சியைத் தொடங்கினார். ரட்ஸ்வாவித்சேயில் அரிவாள் ஏந்திய விவசாயிகள் ரஷ்யப் பீரங்கிகளைக் கைப்பற்றினார்கள். மே 7-இல் பொவானியெட்சில் வெளியிட்ட பிரகடனம் விவசாயிகளுக்குத் தனிமனித உரிமையை அறிவித்து, கட்டாய உழைப்பு நாட்களைக் குறைத்தது. தேசம் என்றால் பிரபுக்கள் என்றிருந்தது மாறி, உழுபவனும் தேசத்தில் சேரத் தொடங்கினான். எழுச்சி தோற்றது. அடுத்த ஆண்டு போலந்து வரைபடத்திலிருந்தே மறைந்தது. 123 ஆண்டுகள் கழித்து 1918-இல்தான் திரும்பி வந்தது.

நாடில்லாத அந்தக் காலத்தின் சிந்தனை வலீட்ஸ்கியின் இன்னொரு பெரும் களம். போலந்தை நாடுகளின் கிறிஸ்துவாகக் கண்ட மெசியாவாதத்தைப் பிற்காலத்தவர் நோய் என்றோ கவிஞர்களின் மிகையுணர்ச்சி என்றோ ஒதுக்கினார்கள். அவர் அதைத் தத்துவமாகவே எடுத்து வாசித்தார். 1840 முதல் 1844 வரை பாரிஸில் கொலேஜ் த பிரான்ஸில் போலந்துக் கவிஞர் மித்ஸ்கியேவிச் ஆற்றிய உரைகளையும், எதிர்காலத்தையும் அறிந்து செயலாக்க வேண்டும் என்று 1838-இலேயே ஹெகலைத் திருத்தி எழுதிய ஆவுகுஸ்த் சியெஷ்கோவ்ஸ்கியையும் ஐரோப்பியச் சிந்தனையின் நடுவே வைத்தார். ஒரு தேசத்துக்குத் தனிப் பணி உண்டு என்று நம்புவது வேறு, இந்த மண்ணிலேயே விரைவில் வரப்போகும் மீட்புக்கு ஒரு தேசம் கருவியாகும் என்று நம்புவது வேறு. பின்னதை மட்டுமே மெசியாவாதம் என்று அழைக்க வேண்டும் என்று வரையறுத்தார். அந்தக் காலத்துத் தேசியம் பிற இனங்களை வெறுக்கவில்லை, மனிதகுலத்துக்குத் தொண்டாற்றவே தேசம் என்று நினைத்தது என்பதை அவர் அழுத்திச் சொன்னார்.

அதற்கு நான் என்றும் நினைவில் வைத்திருக்கும் சான்று ஒன்று உண்டு. 1831 ஜனவரி 25 அன்று, ரஷ்யப் பேரரசுக்கு எதிராகப் போராடிக்கொண்டிருந்த வார்சாவில், ரஷ்யப் புரட்சியாளர்களான டிசம்பரிஸ்டுகளுக்கு அஞ்சலி செலுத்தி ஓர் ஊர்வலம் நடந்தது. ‘எங்கள் விடுதலைக்கும் உங்கள் விடுதலைக்கும்’ என்ற முழக்கம் அந்தக் காலத்தில் பதாகைகளில் ஏறியது. போலிஷிலும் ரஷ்யத்திலும் எழுதப்பட்டது.

1988-இல் வெளிவந்த ஒரு சிறு நூலில் போலந்தின் நாட்டுப்பற்றை அவர் மூன்று மரபுகளாகப் பிரித்தார். தேசத்தின் விருப்பத்துக்கு உண்மையாக இருப்பது பழைய குடியரசின் மரபு. தேசத்தின் இலட்சியத்துக்கு உண்மையாக இருப்பது கற்பனைநவிற்சியாளர்களின் மரபு. தேசத்தின் நலனைக் காப்பது மூன்றாவது. 1903-இல் தேசியவாத அரசியல்வாதி ரோமன் த்மோவ்ஸ்கி எழுதிய நூலில் இந்த மூன்றாவது மரபு தன் கடுமையான வடிவத்தை அடைந்தது. த்மோவ்ஸ்கியின் இனவாதத்தை வலீட்ஸ்கி ஏற்றவர் அல்லர். ஆனாலும் நலனைக் கணக்கிட்டுப் பார்க்கும் அறிவு அந்த மரபிலும் இருந்தது என்று சொல்லத் தயங்கவில்லை. இதனால் இரு பக்கமும் அவர்மேல் வருத்தம் கொண்டிருந்தார்கள். எதிரியின் நிலையை எதிரியே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைக்கும் திறம் நம் மரபில் பழைய உரையாசிரியர்களிடம் உண்டு. முதலில் மறுதரப்பை முழுமையாகச் சொல்லி, அதன் பிறகே மறுப்பார்கள். வலீட்ஸ்கியைப் படிக்கும்போது அந்த ஒழுக்கம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

1981-இல் அவர் ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்குச் சென்று, யூஜின் காமென்கா நடத்திய கருத்து வரலாற்றுத் துறையில் சேர்ந்தார். அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று போலந்தில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. 1986 முதல் 1999 வரை அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். 1998-இல் பால்சான் பரிசு பெற்றார். வெளிநாட்டில் இருந்தபடி, கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராக எழுந்த ‘ஒற்றுமை’ என்ற தொழிற்சங்க இயக்கத்தை அவர் பார்த்த பார்வை நண்பர்கள் பலருக்குக் கசந்தது. அந்த இயக்கத்தின் மாபெரும் கூட்டு உணர்விலும், ஒருமித்த அறச் சீற்றத்திலும் பழைய பிரபுக் குடியரசின் சாயல் அவருக்குத் தெரிந்தது. பெரும்பான்மை எழுந்து நிற்பது ஜனநாயகம்; ஆனால் அதிலிருந்து விலகி நிற்பவனுக்கு என்ன காப்பு என்ற கேள்வியை அவர் விடவில்லை. 1956-க்குப் பிந்தைய போலந்தைச் சர்வாதிகாரம் என்று சொல்லலாம், மனிதரின் உள்ளத்தையும் ஆளக் கேட்ட முழுமை அதிகாரம் என்று சொல்லக்கூடாது என்றும் வாதிட்டார். தந்தை சிறையிருந்த காலத்தை அறிந்தவர் என்பதால் அந்த வேறுபாடு அவருக்குச் சொல்விளையாட்டு அன்று. 1989-க்குப் பிறகு, பழைய கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பழிதீர்க்கும் அரசியலையும், சந்தையையே புதிய வரலாற்று நியதியாக்கிய பொருளாதாரக் கொள்கையையும் எதிர்த்து எழுதினார்.

ரஷ்யாவைப் பற்றிய அவருடைய கடைசி ஆண்டுகளின் எழுத்தில் என்னால் அவரோடு முழுதும் செல்ல முடியவில்லை. போலந்தின் பொதுவெளியில் ரஷ்யாவின் மீது இருந்த வெறுப்பை அவர் கண்டித்தது சரியே. ஆனால் ரஷ்யச் சிந்தனையின் மீது அவருக்கிருந்த வாழ்நாள் அன்பு, இன்றைய ரஷ்ய அரசை எடைபோடும்போதும் தராசில் ஏறிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. 2020 ஆகஸ்ட் 20 அன்று அவர் வார்சாவில் இறந்தார். 2022-இல் உக்ரைன் மீது படையெடுப்பு நடந்த போது, அவர் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று அவருடைய வாசகர்கள் பலரைப் போல நானும் நினைத்துக்கொண்டேன். அவர் சார்பில் பதில் எழுதிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அவர் எழுதி வைத்த ஒரு பதில் இருக்கிறது. 1987-இல் ‘ரஷ்யத் தாராளவாதத்தின் சட்டத் தத்துவங்கள்’ வெளியானது. ரஷ்யச் சிந்தனையாளர்கள் சட்டத்தை ஏளனம் செய்த நீண்ட மரபோடு அந்த நூல் தொடங்குகிறது. வலப்பக்கத்தார் சட்டத்தை உயிரற்ற மேற்கத்திய எந்திரம் என்றார்கள். இடப்பக்கத்தார் அதைச் சுரண்டலுக்குப் போட்ட திரை என்றார்கள். அதன் பின், அதே ரஷ்யாவில் சட்டத்தை மனித மாண்பின் காப்பாகக் கண்டவர்களை ஒவ்வொருவராக அழைத்து வருகிறார். சிச்சேரின் வருகிறார், சொலொவியோவ் வருகிறார். பீட்டர்ஸ்பர்க்கில் கற்பித்து, வார்சாவில் வாழ்வை முடித்த போலந்துக்காரரான லெயோன் பெத்ராஷிட்ஸ்கி வருகிறார். பிறகு நொவ்கொரோத்செவ், கிஸ்தியாகோவ்ஸ்கி. ஒரு குடிமகன் தேசத்தின் ஒருமித்த விருப்பத்துக்கும் வரலாற்றின் நியதிக்கும் எதிரே தனியாக நிற்க நேர்ந்தால் எதைப் பற்றிக்கொள்ளலாம் என்று அந்த அதிகாரங்கள் கேட்டுக்கொண்டே போகின்றன. கடைசி அதிகாரம் வரும்போது தலைப்பில் நிற்கும் பெயர் செர்கேய் ஹெஸ்ஸன். வூச் நகரில் ஆசிரியர் இறந்து 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.